மாலை மேல் மாலை போட்ட மாமா

எங்கள் மாமா குமரேசன் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் யாரும் அவருக்கு மாத்திரை வாங்கித் தரப்போவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பே ஆதிலட்சுமி அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார். நல்லா யோசித்துத்தான் அத்தை சரி என்றாங்க. இதை எழுதச் சொன்னதும் அத்தைதான்.

வம்பு கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பித்தது. தொட்டால் அத்தைக்கும் வந்துவிடும் என்று மாமாவுக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டார். மாலை போட்டவர் பொண்டாட்டி பக்கம் போகக்கூடாது இல்லையா, பாய் கூடத்துக்கு வந்துவிட்டது. மலைக்குப் போய் வந்து அதைக் கழற்றின கையோடு தைப்பூசத்துக்கு முருகன் மாலை. அப்புறம் ஆடியில் அம்மனுக்கு மஞ்சள் வேட்டி. ஸ்டாண்டில் எல்லாரும் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள். எந்தச் சாமிக்கு என்றுதான் யாருக்கும் நிச்சயமில்லை.

அத்தைக்கு முதலில் பெருமை, அப்புறம் சந்தேகம். தன்னைப் பிடிக்கவில்லை போல என்று எங்கம்மாவிடம் அழுதாங்க. அடி அண்ணாமலையில் இருக்கும் தாய்வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாங்க. ரகசியத்தை மெதுவாகச் சொல்ல அத்தைக்கு வராது, அதனால் தெருவுக்கே கேட்டது.

புரட்டாசி பிறந்ததும் மாமா பெருமாளுக்குத் துளசி மாலை வாங்கணும் என்றார். அத்தை சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க, நான் கிளம்பிடறேன்" என்றாங்க.

"பிடிச்சதாலதான்டி. உனக்கும் வந்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருப்பேன்?"

"இதச் சொல்லவா இத்தன சாமியக் கஷ்டப்படுத்துனீங்க?"

மறுநாள் காலையில் அத்தை அவருடைய ஆட்டோவிலேயே ஏறி, மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாங்க. அங்கே ஆலோசகர் வினோதினி மேடம் இருப்பாங்க. ஒரு பொம்பளையிடம் இதை எப்படிக் கேட்பது என்று மாமா இத்தனை நாளும் மாத்திரை கைக்கு வந்ததும் ஓடிவந்தவர்.

மேடம் பொறுமையாகச் சொன்னாங்க. மாமா ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கம்மியாகிவிட்டது. போன சோதனையிலும் அப்படித்தான், அதுக்கு முந்தினதிலும் அப்படித்தான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, சோதனையும் தவறாமல் பார்த்து இப்படியே வைத்திருந்தால், உடலுறவால் அத்தைக்குப் பரவாது. மற்ற பால்வினை நோய்களுக்கு இந்த மாத்திரை காவல் இல்லை. ஆணுறை அதற்கு உதவும், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றாலும் உதவும். போடுவதா வேண்டாமா என்று ரெண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம். குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்தால் போதும்.

"கம்மின்னா... வரவே வராதா?" என்றார் மாமா.

"வராதுங்க. மாத்திரைய நிறுத்துனாத்தான் வம்பு."

மாமா அதையே வேறு வேறு மாதிரி மாற்றிக் கேட்டார். மேடமும் சலிக்காமல் அதையே சொன்னாங்க. அத்தை, ஆணுறை எங்கே கிடைக்கும் என்று தன் வழக்கமான குரலில் கேட்க, வெளி வரிசை மொத்தமும் திரும்பியது. மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்தைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை. அப்போதுதான் மாமா அழுதார்.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோக்காரர்களுக்கு டீ குடிக்கக்கூட நேரமிருக்காது. பொழுது சாய்கிறபோதே மாமா வண்டியைத் திருப்பினார். பக்கத்து வண்டி பலராமன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நல்லாருக்குப்பா," என்றார் மாமா. "ரொம்ப நல்லாருக்கு."

வழியில் ஒரு குடும்பமே கை நீட்டி நிறுத்தி, எவ்வளவு ஜாஸ்தி கேட்டாலும் தருகிறோம் என்றது.

"வண்டி வீட்டுக்குப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.