ஒரு ஃபுல், ஒரு ஆஃப்

எங்கள் வீட்டில் கரித்துணிக்குக்கூட நம்பர் உண்டு. அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற துணியில் ஆறு, அரிசிப்பானை மூடுகிற துணியில் ஆறு, என் தலையணை உறையிலும் ஆறு. எல்லாம் மாமா போட்டுக் கழித்த பனியன்கள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் எனக்கு ரசம் வாசனை வரும்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பந்து விளையாடுவதுதான் அவருக்குத் தொழில். அப்படி ஒரு தொழில் உண்டு என்று அறுபதுகளின் தென்காசியில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அம்மாவும்தான். ஆனால் மில்காரர்களும் எஸ்டேட்காரர்களும் ஆளுக்கொரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு ஏதோ ஒரு வேலையைப் போட்டுக் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்வார்கள். மாமாவுக்குக் கிடைத்ததெல்லாம் பதிலி வேலை. நிரந்தரக்காரன் யாராவது காய்ச்சலில் படுத்தால் அவன் இடத்தில் மாமா போய் நிற்பார். காய்ச்சல் விட்டதும் நகர்ந்துவிட வேண்டும்.

அவர் போன ஊர்களை நான் துணிகளை வைத்துத்தான் கணக்குச் சொல்வேன். சிவப்பு, அம்பாசமுத்திரம் பக்கத்து மில். இரண்டு வருஷத்தில் டீமைக் கலைத்துவிட்டார்கள். பச்சை, செங்கோட்டை தாண்டி மலையில் ஒரு எஸ்டேட். அங்கே இருந்த வெள்ளைக்கார துரை ஃபுட்பால் பைத்தியம். அவர் சீமைக்குக் கப்பலேறினார். அடுத்து வந்தவர் டென்னிஸ் பைத்தியம். கதை முடிந்தது. நீலம் தூத்துக்குடி, மஞ்சள் கோவில்பட்டி, வெள்ளையில் கருப்புக் கோடு போட்டது மதுரை. ஒவ்வொரு தடவையும் தகரப்பெட்டியோடு வந்து இறங்குவார். அம்மா எதுவும் கேட்காமல் பனியனை வாங்கிக் கிழிப்பாள்.

வீட்டில் இருக்கிற நாட்களிலும் அவர் எங்கே சும்மா இருந்தார்? சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடும். பேப்பர் படித்தால் கால் ஆடும். தேங்காய்ச் சிரட்டை, வெங்காயம், அப்பாவின் செருப்பு என்று காலில் பட்டதெல்லாம் முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்பா தாலுகா ஆபீஸ் போகிற அவசரத்தில் ஒற்றைச் செருப்போடு நிற்பார். "மாப்ளே, கோல் ஆயிட்டா? இனி எடுத்துக்கிடலாமா?" என்று கேட்பார். எனக்கும் அவரைப் பார்த்துப் பார்த்தே கால் நிற்காது. ரெண்டு பேரையும் கட்டிப்போடக் கயிறு வேண்டும் என்பாள் அம்மா.

என் பிரச்சினை வேறு. மாமா ஆடுகிற இடத்துக்கு ஹாஃப் என்று பெயர். எங்கள் ஊர் வாயில் அது ஆஃபு. எதிர்வீட்டுக்காரி, என் வகுப்புத்தான், அவள் அண்ணன் பள்ளிக்கூட டீமில் ஃபுல் பேக். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் நடுவில் வைத்துச் சொன்னாள்: "எங்கண்ணன் ஃபுல்லு. ஒங்க மாமா ஆஃபுதான்ட்டி. பஸ்ல ஒனக்கு எடுக்கிற ஆஃப் டிக்கெட் மாதிரி."

பாவிகள், எப்படிச் சிரித்தார்கள்! அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மாமாவிடம் போய், நீங்கள் ஏன் ஃபுல் ஆகக்கூடாது என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முன்னால் ரெண்டு புளியங்கொட்டை, பின்னால் ரெண்டு புளியங்கொட்டை வைத்து, நடுவில் ஒன்றை வைத்துக் காட்டினார். "இந்தா, இதுதான் நான். பின்னால இருக்கவன்ட்ட வாங்கணும், முன்னால இருக்கவன்ட்ட குடுக்கணும். நம்மகிட்ட வச்சுக்கிடக் கூடாது. அம்புட்டுதான் ஆஃபு." எனக்கு அது சமாதானமாகவே இல்லை. ஃபுல் பெரிது, ஆஃப் சின்னது. கண்டக்டருக்கே தெரிந்த விஷயம் அது.

எனக்கு ஒன்பது வயசான வருஷம், மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. முழங்கால் படியேறும்போது சத்தம் போடும். இலஞ்சியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள் அம்மா. அவர்களும் நல்ல மனுஷர்கள், ரெண்டு வருஷமாகப் பொறுத்தார்கள். நிரந்தர வேலை என்று ஒரு காகிதத்தைக் காட்டினால் ஆவணியில் கல்யாணம். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது குற்றாலத்தில் சீசன். சாரலும் வெயிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. சீசனுக்கு வருகிற கூட்டத்தை நம்பி அங்கே ஒரு கோப்பைப் பந்தயம் நடத்துவார்கள். மாமா உள்ளூர் டீமுக்கு ஆடினார். அரையிறுதி அன்று ராஜபாளையம் பக்கத்து நூல் மில்லிலிருந்து ஒருத்தர் பார்க்க வந்திருந்தார். டீமுக்கு ஆள் எடுப்பதும் அவர்தான், மில்லுக்கு ஆள் எடுப்பதும் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் மாமாவின் தோளில் தட்டி, "பதிலி கிதிலி இல்லை, நிரந்தரம். நாளைக்குக் காலையில் ஆர்டரோடு வீட்டுக்கே வருகிறேன்" என்றாராம்.

அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் அம்மா கேசரி கிண்டினாள். பத்து மணி ஆயிற்று, அப்பா ஆபீஸ் கிளம்பிவிட்டார், மில்காரர் வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. கோயிலின் மொட்டைக் கோபுரத்துப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் கதவு படீர் படீர் என்று சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மூன்று பேரும் எழுந்து ஓடினோம். காப்பிக்கு வைத்திருந்த பால் திரிந்துபோனது. மாமாவுக்கு முந்தின நாள் ஆட்டத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கி வந்த ஸ்பிரிட்டை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடுகிறேன் என்று உள்ளறையில் பாயில் சாய்ந்தார். வீடு முழுக்க ஸ்பிரிட் நெடி. மூன்று மணிக்கு அம்மா பொறுக்கமாட்டாமல் வேறு பால் வாங்கக் கிளம்பினாள். "சார் வந்தாவன்னா நாற்காலியப் போட்டு உக்காரச் சொல்லிட்டு மாமாவ எழுப்புட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெரு திரும்பியிருக்க மாட்டாள், அவர் வந்துவிட்டார். வழுக்கைத் தலை, குடை, கையில் நீளமான கவர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் சிரித்த முகமாக, "எங்கம்மா நம்ம ஹாஃப்?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. ராஜபாளையம் வரைக்குமா இந்தப் பேச்சுப் போயிருக்கிறது?

"எங்க மாமா ஒண்ணும் ஆஃபு கெடையாது சார். ஃபுல்லு" என்றேன்.

"என்னம்மா சொல்றே?"

"ஃபுல்லு சார். எப்பமும் ஃபுல்லுதான். நேத்தும் ஃபுல்லாத்தான் ஆடுனாவ. ஆஃபுன்னு ஒங்ககிட்ட ஆரோ பொய் சொல்லிருக்காவ."

அவர் முகம் மாறியது. மூக்கு ரெண்டு தடவை சுருங்கி விரிந்தது. மெல்ல எழுந்து உள்ளறையை எட்டிப் பார்த்தார். மாமா வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தார், தலைமாட்டில் பாட்டில். "எழுப்பட்டா சார்?" என்றேன். "வேண்டாம்மா, தூங்கட்டும்" என்றார். கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். என் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கணும், என்ன?" என்று சொல்லிவிட்டுச் சாரலில் இறங்கிப் போனார். குடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாமா ஃபுல் என்று தெரிந்ததும் எவ்வளவு மரியாதை வந்துவிட்டது பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓடிப்போய் மாமாவை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். சார் கேட்டது, நான் சொன்னது, ஒரு வார்த்தை விடாமல். மாமா பதறி எழுந்தார். பிறகு குடையைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பில்லாமல், இறுகிய காலை இழுத்து இழுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். கையில் குடை இல்லை. அம்மா பால் செம்போடு வாசலிலேயே நின்றாள். நான் வாயைத் திறந்தேன். மாமா என் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டு முந்திக்கொண்டார்.

"வந்தாருக்கா. வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். மிசினு முன்னால ஒரே எடத்துல எட்டு மணி நேரம் நிக்க என்னால ஆவாது."

 அம்மா கத்தினாள் பாருங்கள், எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. "ஒன் காலுல அந்த ஆண்டவன் சக்கரத்தையாலே கட்டி அனுப்புனான்? எலஞ்சிக்காரங்களுக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்?" கேசரியைச் சட்டியோடு கொண்டுபோய் மாட்டுக்கு வைத்தாள். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் கால் ஆடவே இல்லை.

இலஞ்சிப் பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் செங்கோட்டை தாண்டிப் போய்விட்டார். அங்கே ஒரு எஸ்டேட், அப்புறம் இன்னொன்று. கடைசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கோடு போடுகிறவராக நின்றார். கல்யாணம் கிடையாது. "கையில குடுத்த வேலைய ஒதறுனவன்" என்று அம்மா சாகிற வரைக்கும் சொன்னாள். கேட்கிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஆலங்குளத்தில் இருந்தபோது ஒருநாள், தெருவில் ஒருத்தன் கைலி அவிழ்வது தெரியாமல் போனான். வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஆரியங்காவுக்குப் போயிட்டு வருதான், ஆளு ஃபுல்லு" என்றார். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலத்திலேயே கேரள எல்லை தாண்டி ஆரியங்காவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது எனக்கும் தெரியும். அந்த வார்த்தைதான் தெரியாது.  அந்த மில்காரர் மூக்கைச் சுருக்கியதும், என் தலையைத் தடவியதும் அப்போதுதான் கண் முன்னால் வந்தன. அடிப்பாவி, என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

அழுதுகொண்டே மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. "பஸ் கிளம்புமுன் அவரைப் பிடித்துவிட்டேன். விளக்கமாகச் சொன்னேன். ஆனால் நான் போன கோலத்தையும் என்மேல் அடித்த வாசனையையும் பார்த்து யார்தான் நம்புவார்கள்? இதைப் போய் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறாயே. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். உன்னைக் கொன்றுவிடுவாள்." அம்மாவிடம் நான் சொல்லவில்லை. 

கார்டைப் படித்தபோது அந்த இறுதி ஆட்டத்து நாள்தான் ஞாபகம் வந்தது. அம்மா மாமாவோடு பேசவில்லை. நான் அடம்பிடித்து அவரோடு கிளம்பினேன். குற்றாலத்து பஸ்ஸில் கூட்டம், ஜன்னல் வழியே சாரல். மாமா காலில் கட்டுத்துணியோடு, ஆறாம் நம்பர் பனியனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்தார்.

"ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃபு" என்றார் மாமா. கண்டக்டர் சும்மா இருக்காமல், "ஃபுல்லு ஆரு?" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "நான்தான்யா. எம் மருமவளே சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் சிரித்தார். ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று நானும் கையைத் தட்டிச் சிரித்தேன்.