நூறு மைக்ரான் கஞ்சி

பதினைந்து நாளுக்கு முன்னால் தம்பி வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் அவன் குத்தவைத்து உட்கார்ந்து, வெர்னியர் காலிப்பரால் ராகியை அளந்துகொண்டிருந்தான்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். முளைகட்டிய ராகி. அதில் ஒரே ஒரு மணியை எடுத்து, காலிப்பரின் இரண்டு தாடைக்கு நடுவே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு...

"மூணு மில்லி வந்திருச்சுங்க அக்கா. இதோட நிறுத்திக்கலாம்" என்றான்.

"எதுக்குடா?"

"முளை ரொம்ப நீண்டா கசக்குமாமுங்க. பாப்பா துப்பிப்போடுவா."

செந்தில் சூலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். முன்னால் வீடு, பின்னால் பட்டறை. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறான். ஒரு முடி கனம் கூடக்குறைய இருந்தாலும் எடுத்துக் கடாசிவிட்டு வேறு கடைகிற ஆள். அவனுக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள், யாழினி. அவனுடைய மனைவி நந்தினிக்குப் பெருந்துறையில் வங்கி வேலை. மூன்று தடவை தேர்வெழுதி, மூன்றாவதில் ஜெயித்து வாங்கிய வேலை. பிரசவ லீவும் முடிந்து, கெஞ்சி நீட்டித்த லீவும் முடியப்போகிற நேரம் அது. அடுத்த திங்கட்கிழமை போயே ஆக வேண்டும்.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? யாழினி தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள்!

பாட்டிலைக் காட்டினால் முகத்தைத் திருப்புவாள். ஸ்பூனைக் காட்டினால் வாயை இறுக்கிப் பூட்டிக்கொள்வாள். ஆப்பிள் மசித்தது, பருப்புத் தண்ணீர், இட்லி — ஒன்றும் நடக்கவில்லை. "எடை பரவால்லீங்க. ஆனா இனிமே பால் மட்டும் பத்தாது, பழக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் பழக்குவது? நந்தினி காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். பகலில் பிள்ளை என்னத்தைக் குடிக்கும்?

"நீ வேலைக்குப் போ. சாப்பாடு என் பொறுப்பு" என்று செந்தில் வாக்குக் கொடுத்துவிட்டான். சமையலறையில் அதுவரை அவன் செய்த ஒரே காரியம், குக்கர் விசில் அடித்தால் "நந்தினீ..." என்று கத்துவது.

நான் டின் மாவு வாங்கச் சொன்னேன். என் பிள்ளைகள் இரண்டும் டின்னில் வளர்ந்தவைதான். இன்றைக்கு ஆளுக்கு ஆறடி நிற்கின்றன. அவன் கேட்கவில்லை. சரி, மாவு மில்லிலாவது கொடுத்து அரைத்துக்கொள் என்றேன்.

"அங்க நமக்கு முன்னாடி யாராச்சும் மொளகாய் அரைச்சிருந்தா? பாப்பா வாய் என்னத்துக்கு ஆகுமுங்க?"

அதோடு மில் பேச்சை விட்டேன்.

ராகி, பச்சைப்பயறு, புழுங்கலரிசி. மூன்றையும் கழுவி, வெள்ளைத் துணி போர்த்திக் காயவைத்தான். தனித்தனியாக வறுத்தான். மிக்ஸி சூடானால் மாவு வாசம் மாறிவிடும் என்று நிறுத்தி நிறுத்தி அரைத்தான். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் கோயமுத்தூர்க்காரன் இல்லையே! ஆலைகளுக்குச் சல்லடை விற்கும் கடையில் ஒரு முடி கனமே கண் உள்ள நூறு மைக்ரான் வலை வாங்கி, பட்டறையில் அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வளையம் கடைந்து, பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றைக் கீழே மாட்டி... தானாகச் சலிக்கும் இயந்திரம்!

"மாவு சலிக்க மோட்டாராடா?"

"கையில சலிச்சா ஒரே சீரா வராதுங்க அக்கா."

ஒரே சீராகத்தான் வந்தது. தொட்டால் முகத்துக்குப் போடும் பவுடர் தோற்றது. சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் மலைத்துப்போனேன். ஒருத்தியின் வாய்க்குள் போகிற ஒரு ஸ்பூனுக்காக ஒரு மனுஷன் இத்தனையும் செய்வானா? நானெல்லாம் டின் மூடியைத் திறந்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் நந்தினி கிளம்ப வேண்டும். கஞ்சி காய்ச்சியாயிற்று. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். செந்தில் ஸ்பூனை நீட்டினான்.

"அம்மணி... ஒரே ஒரு வாய் சாமி..."

அம்மணி நாக்கில் பட்டதை அப்படியே வெளியே தள்ளினாள். மறுபடி கொடுத்தான். வாயைப் பூட்டிக்கொண்டாள். நான் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தேன். கஞ்சியா அது? சினிமா போஸ்டர் ஒட்டலாம்! மாவு அவ்வளவு நைஸ். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. மைக்ரான் பார்த்தவன் தொண்டையைப் பார்க்க மறந்துவிட்டான்.

இன்னும் இரண்டு தரம் முயன்றான். தண்ணீர் கூட்டி ஒரு தரம், நெய் விட்டு ஒரு தரம். ம்ஹூம். யாழினி வீறிட்டு அழுதாள்.

நந்தினி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டித் தட்டி அமர்த்தினாள். அப்புறம் மெதுவாக, "விட்டுருங்க மாமா. நான் வேலைய விட்டுப்போடறேன். இன்னைக்கே மெயில் அனுப்பிச்சர்றேன்" என்றாள்.

அவள் மூன்று வருஷம் படித்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். ஆனாலும் எப்படி வேண்டாம் என்பேன்? வேறு வழி என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

செந்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனான். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சல்லடை மேல் தங்கிய கப்பி, ரவை பதத்தில் இரண்டு கை இருந்தது. குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தது. எறிய மனசில்லாமல் அதைத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தட்டில் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். உப்புகூடப் போடவில்லை. நந்தினி முகம் கழுவப் போகும்போது பிள்ளையை அவன் மடியில் விட்டுவிட்டுப் போனாள்.

அவன் ஒரு வாய் தின்றான். யாழினி நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தாள். இன்னொரு வாய். தட்டைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் குட்டிக் கை... ஐந்து விரலையும் விரித்துத் தட்டுக்குள் போய், ஒரு கொத்து அள்ளி, பாதியை மூக்கில் அப்பி, மீதியை வாயில் போட்டது.

செந்தில் தின்பதை நிறுத்தினான்; எதிரே உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

ஈறுக்கு நடுவே வைத்து அரைத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். யோசித்தாள். ஆமாம், யோசித்தாள்! விழுங்கினாள். பிறகு அப்பனைப் பார்த்து, "ஆ" என்று வாயைத் திறந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தினம் மூன்று வேளை தின்கிறோம். நமக்கும் ஒரு முதல் வாய் இருந்திருக்கும் என்று என்றைக்காவது நினைத்திருப்போமா? அம்மாவின் உடம்பிலிருந்தே எல்லாம் வாங்கிக்கொண்டிருந்த ஓர் உயிர், எங்கோ யாரோ விதைத்த தானியத்தைத் தன் கையால் எடுத்து, இதுவும் எனக்குத்தான் என்று விழுங்குகிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் பார்த்ததில்லை. அதுவும் எங்கே? ஒதுக்கிவைத்த கப்பியில்!

செந்தில் ஊட்ட ஊட்ட அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள்.

நந்தினியைக் கூப்பிடத் திரும்பினேன். அவள் ஏற்கனவே கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தாரை தாரையாக நீர்.

"என்ன கண்ணு, தின்னுட்டாளே! இனி எதுக்கு அழுவற?"

"தெரியலீங்க நங்கை" என்றாள். எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சாப்புடோணும் சாப்புடோணும்னு நாந்தான் வேண்டிக்கிட்டேன்... இப்பப் பார்த்தா, நான் இல்லாமயே இவ இருந்துக்குவாளாட்ட இருக்குதுங்க."

எட்டு மாதமாக அவள்தான் அந்தக் குழந்தைக்குச் சோறு, தண்ணீர், எல்லாமே. ஒரு நிமிஷத்தில் அந்தப் பதவி போய்விட்டது. வங்கி வேலையை விட்டுவிடத் துணிந்தவளுக்கு இந்த வேலையை விட மனசில்லை. நான் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மெயில் போகவில்லை. திங்கட்கிழமை நந்தினி பஸ் ஏறினாள். அன்றைக்குப் பகல் முழுக்க நானும் தம்பி வீட்டில்தான் இருந்தேன். செந்தில் சலிக்காமல் ரவையாக உடைத்துக் காய்ச்சியதை யாழினி மூன்று வேளை, மூன்று கிண்ணம், வழித்துத் தின்றாள். நடுவில் சுகமாகத் தூங்கி எழுந்தாள். ஒரு சிணுங்கல்? ஒரு அழுகை? கிடையாது.

சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மாவைப் பார்த்ததுதான் தாமதம் — உதடு பிதுங்கி, கை இரண்டையும் நீட்டி, பத்து நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி ஓவென்று ஓர் அழுகை! தாவி அவள் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அய்யோ... எந்தங்கம்... பகலெல்லாம் ஒண்ணுமே குடுக்கலீங்களா மாமா? புள்ளயப் பட்டினி போட்டுட்டீங்களே!" என்று நந்தினி திட்டினாள். திட்டும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செந்திலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று கிண்ணக் கணக்கைச் சொல்ல வாயெடுத்தான்.

நான் அவன் காலை மிதித்தேன்.