ஏணி வைத்த வேலைகள்

கான்ட்ராக்டரிடம் எட்டு ஏணிகள் இருந்தன. வேலையாட்கள் மூன்றே பேர். மூன்று பேருக்கு எட்டு ஏணி எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். வயரிங் வேலை பிடிக்கிற மற்றவர்கள் முதலில் பைப்பும் வயரும் கொண்டுபோய் இறக்குவார்கள். இவர் ஏணியைக் கொண்டுபோய் நிறுத்துவார். கூடத்தின் நடுவில் ஏணி நின்றுவிட்டால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார், முழங்காலில் இடித்துக்கொள்வார், ஆனால் வேறு ஆளைத் தேட மாட்டார். ஏணியை விட்டுவிட்டு எவனாவது ஓடிப்போவானா?

சிறு கான்ட்ராக்டர்களுக்கென்று நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அவர் ஒருமுறை போய்வந்தார். வேலையை எப்படித் திட்டமிடுவது, ஆட்களை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் காலையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டதால், வேலையை முடிப்பது பற்றிய பாடம் மட்டும் அவர் காதில் விழவில்லை. வந்ததும் முன்னறையில் பெரிய வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டினார். ஏணி போகாத வேலைக்குச் சிவப்பு, போன வேலைக்குப் பச்சை. மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பலகை எப்போதும் பச்சைப்பசேலென்று இருந்தது. தினமும் பல் தேய்த்தபடி அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

பலகைக்குக் கீழேதான் தொலைபேசி. அதை எடுப்பது அவர் மனைவி. வீட்டுக்காரர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், ஒருத்தர் அழவே அழுதுவிட்டார். அவள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்: "ஏணி அங்கதானே இருக்கு? அப்ப கண்டிப்பா வந்துடுவார்." அதைச் சொல்கிற குரலில் கேட்டவர்கள் அடங்கிப்போவார்கள். பாதித் தொழில் அந்தக் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் அதை ஏணியின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போது மனைவிக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஒரு மருத்துவமனை ஊழியர்களுக்கு இருநூறு சீருடைகள். அக்கம்பக்கத்தாரின் துணிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டியவளுக்கு முதல் பெரிய வேலை. மூன்று மோட்டார் தையல் மெஷின்கள் திங்கட்கிழமை காலை வந்து இறங்கும். அன்றே தைக்கத் தொடங்கினால்தான் சொன்ன தேதிக்கு முடியும், இல்லையென்றால் ஆர்டர் கைமாறிவிடும். பின்னறையிலோ ஒரே ஒரு பல்புதான் இருந்தது. தனி லைன் இழுத்து மூன்று பிளக் வைக்க வேண்டும். ஒருநாள் வேலைதான். மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டாள். நம் வீட்டு வேலைக்கு என்ன அவசரம், கையில் இருப்பது முடியட்டும் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அவள் நாலாவது முறையாகக் கேட்டபோது அவருக்கே உறுத்தியது. பாசத்தோடுதான் எழுந்து போனார். வாசலில் சாய்த்திருந்த இரண்டு ஏணிகளில் ஒன்றைத் தூக்கிவந்து பின்னறையின் நடுவில் நிறுத்தினார். பலகையில் 'வீடு' என்று எழுதிப் பச்சை அடித்தார். பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. மற்ற ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பினார். அவள் நிலைப்படியில் நின்று ஏணியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிறு மதியம் வீடு திரும்பியபோது பின்னறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. முன்பு அவரிடம் வேலை பார்த்துவிட்டு விலகிப்போனவன் ஏணிமேல் நின்றிருந்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் எடுப்பான், பிழைக்கத் தெரியாதவன் என்று இவர் கைகழுவிய ஆள். பைப் ஓடி முடிந்திருந்தது. மூன்று பிளக்கும் நேர்வரிசையில் உட்கார்ந்திருந்தன. அவன் கூச்சத்தோடு, "அண்ணே, மெயினைக் கொஞ்சம் போடுங்க," என்றான். அவர் போய்ப் போட்டார். வேறென்ன செய்வது?

அவன் போனதும் பொங்கிவிட்டார். கான்ட்ராக்டர் வீட்டு வயரிங்குக்கு வெளியாள் வந்தான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்றார். அவள் ஒவ்வொரு பிளக்காகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் செய்ய மாட்டேன்னே முடிவு பண்ணிட்டியா? ஏணி வெச்சிருந்தேனே," என்றார்.

"வெச்சீங்க. வந்துடுவாருன்னு மத்தவங்களுக்கெல்லாம் நான் சொன்னேன். எனக்கு யார் சொல்றது?"