வியன்னாவில் எனக்கு விசில் ஊதுவது யார்?

கிளப் நண்பர்களே, இன்று என் மூளை மெஜஸ்டிக் சர்க்கிள் டிராஃபிக் போலக் குழம்பிக் கிடக்கிறது.

எங்கள் பாக்டரி என்னை ஒரு வாரம் வியன்னாவுக்கு அனுப்புகிறது. ஹோட்டலை நானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். டிக்கெட் ஏஜெண்டின் ஆபீசுக்குள் சக்கரவர்த்தியைப் போல நுழைந்தேன்.

அவர் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று அரண்மனை, அதன் குளியலறையே லால்பாக் பூங்கா அளவு. மற்றது ரயில் நிலையத்துக்கு எதிரே.

"அரண்மனையே எடுங்க சார். ராத்திரி ஒரு சத்தமும் கேக்காது."

ஒக்கலிபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சத்தமே கேக்காதா? அப்ப நீங்க தூங்கின மாதிரிதான். நந்தி மலையில ரயில் விசில் இல்லன்னு விடிய விடிய உக்காந்திருந்தது யாரு?"

உண்மைதான். எஞ்சின்தான் எனக்குத் தாலாட்டு.

"அப்போ ஸ்டேஷன் ஹோட்டலா?"

"அவ்ளோ தூரம் பறந்து போயி, ஒக்கலிபுரத்துலயே படுக்கப் போறீங்களா?"

நாளைக் காலை ஏஜெண்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரண்மனையில் விழித்திருப்பதா, ஸ்டேஷன் எதிரில் குறட்டை விடுவதா? உங்கள் தீர்ப்பை இந்தக் கிளப் அறிவிப்புப் பலகையிலேயே குத்தி வையுங்கள்.

விசில் ஊதத் தெரிந்தவர் யாராவது என்னோடு வருவதானாலும் சரி. அரண்மனைக் கட்டிலில் ஒரு கிரிக்கெட் டீமே படுக்கலாம்.