இரை போடாத நாள்

பசித்து வாய் திறக்கும் உயிரை, அதன் நன்மைக்காகவே பட்டினி போடலாமா? எனக்கு இன்றும் விடை தெரியவில்லை.

என் கணவருக்குத் திருமயம் பக்கம் மீன் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. பொன்னமராவதிக் கண்மாயில் விடுவதற்காக அவர் வளர்த்த கெண்டைக் குஞ்சுகளுக்கு நான்தான் தவிடு போடுவேன். தகர டின்களில் அடைத்து பஸ்ஸில் அனுப்புவதற்கு முந்தின நாள் எதுவும் போடக் கூடாது என்றார். தொட்டியருகே என் நிழல் விழுந்ததும் எல்லாம் மேலே வந்து வாய் திறந்தன.

"ஏங்க, ஒரு பிடி போடட்டுமா?"

"அதுக என்ன நீ பெத்த புள்ளைகளா? தின்னுட்டுப் போனா டின்னுக்குள்ளயே கழிஞ்சு, தண்ணி கெட்டுச் செத்துப்போகும்."

நான் போடவில்லை. மறுநாள் வழியில் அந்த பஸ் பழுதாகி நின்று, வெயிலில் அத்தனையும் செத்துப்போயின.

"தின்னிருந்தா இன்னும் முன்னாடியே செத்திருக்கும்" என்றார். இருக்கலாம்.

அடுத்த மாதம் என் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார் டாக்டர். பிள்ளை என்னைப் பார்த்து வாய் திறந்து அழுதான். அந்தக் குஞ்சுகள் நினைவுக்கு வந்தும் நிறுத்தினேன். வயிற்றுப்போக்கு நின்றது, எனக்குப் பாலும் வற்றியது. இப்போது மார்பில் அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். புட்டிப்பாலும் இறங்கவில்லை. நாளுக்கு நாள் இளைக்கிறான்.

"டாக்டர் சொன்னதைத்தானே செஞ்ச" என்கிறார் கணவர்.

பால் மறந்த பிள்ளையை மறுபடி பழக்கிய தாய்மார் யாராவது இருந்தால், எப்படி என்று எழுதுங்களேன்.