பெயர் வெட்டாத குப்பி

ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள், இந்த லண்டனில் டாக்டர்கள் எதற்கும் அனுமதி கேட்பார்கள். திரையை இழுக்கலாமா, முதுகைத் தொடலாமா, நாலு மாணவர்கள் நின்று பார்க்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளீஸ். தென்காசியில் என் முதுகு இப்படி மரியாதை கண்டதில்லை. போன லீவில் அங்கே வலி தொடங்கியதும் அக்காவின் கணவர் யாரையும் கேட்கவில்லை. "எல்லாம் வாயுதாம்லே, தண்ணி விழ விழ சரியாயிரும்" என்று குற்றாலத்துக்கு இழுத்துப்போய் ஐந்தருவிக்குக் கீழே நிறுத்திவிட்டார். சாரல் சுகமாகத்தான் இருந்தது. கால்தான் மரத்துக்கொண்டே வந்தது.

லண்டன் திரும்பியபின் தண்டுவடத்தில் அபூர்வமான கட்டி என்றார்கள். அறுத்தால் நடப்பேனா என்று கேட்டேன். நடக்கலாம், ஆனால் உறுதி சொல்லமுடியாது என்றார் புரொபசர். அந்த நேரம் பார்த்து மனிதர் இன்னொரு அனுமதி கேட்டார். எடுக்கிற கட்டியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, வருஷம் ஒருமுறை நானும் வந்து உடம்பைக் காட்டமுடியுமா? இந்த நோய் வந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தானாம். ஒவ்வொருவராகச் சேர்த்தால்தான் அடுத்து வருகிறவனுக்கு ஏதாவது சொல்லமுடியுமாம். மறுத்தாலும் வைத்தியத்தில் குறை வராதாம்.

கொடுக்கிறேன், ஆனால் கட்டியைப் போட்டுவைக்கிற குப்பியில் என் பெயரை வெட்டவேண்டும் என்றேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கொடுக்கிற தம்ளரில்கூடப் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லையே! அவர் இதை ஏதோ மதச்சடங்கு என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வருந்துகிறேன், எண் மட்டும்தான்" என்றார். அப்படியானால் தரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பார்க்க வந்த என் மனைவி கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? நாளைக்கு நம்ம பிள்ளைய ஊர்ல கட்டிக் குடுக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் எவனாவது இங்கன டாக்டருக்குப் படிக்க வந்து, அந்தப் பேரைப் பாத்துட்டான்னா?" மறுநாள் காலை புரொபசரைக் கண்டதும், தயவுசெய்து எண் மட்டும் போடுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன்.

அறுத்தார்கள். நடந்தேன். அன்று வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் உடம்பைக் காட்டப் போனபோது குப்பிகள் வைத்திருக்கிற அலமாரியைப் பார்க்கவேண்டும் என்றேன். புரொபசரே கூட்டிப்போனார். வரிசையாகக் குப்பிகள், எல்லாவற்றிலும் எண். என்னுடையது எது என்றதற்குச் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. அடுத்த வாரம் லீவில் ஊருக்குக் கப்பல். அங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் எனக்கு வந்தது வெறும் வாயுப்பிடிப்பு. உள்ளதைச் சொல்லுகிற சதைத்துண்டு இங்கேயே இருந்துவிடும். சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப மனம் வரவில்லை. புரொபசர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, எல்லாக் குப்பிகளுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, மெதுவாகச் சொன்னேன்: "போயிட்டு வாரேம்லே."