பத்துக்குப் பத்து வாங்கிய ஏச்சு

அடுப்பில் செத்தல்மிளகாய் கருகும் நெடி மூக்கில் ஏறினால், யாரோ என்னைப் புகழ்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஐம்பதுகளில், மருதமுனையில் என்னைப் பார்த்து ஒருவர் "வடிவு" என்று சொல்லிவிட்டால் போதும், உம்மா உப்பையும் மிளகாயையும் கையில் பொத்தி என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, "நாவூறு" கழித்த பிறகுதான் சோறு தருவார். தன் வாயால் அவர் என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். அதனால் பாசம் பொங்கும்போதெல்லாம் ஏசினார். "கறுப்பி, பனங்கொட்டத் தலச்சி, ஒன்னக் கடல்ல போட்டா மீனும் மணந்து பாத்துட்டுப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே தலை வாரி, முடிவில் உச்சியில் ஒரு முத்தம் வைப்பார்.

எட்டாம் வகுப்பில் அணியிலக்கணம் படிக்க வந்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கசந்த அந்தப் பாடம் எனக்கு எங்கள் குசினிப் பேச்சாகவே கேட்டது. "இவள்ட வாய் மீன்சந்த மாதிரி" என்று உம்மா சொன்னால் உவமை; கோபம் கூடி, "மாதிரி"யை விழுங்கிவிட்டு, "இவள்ட வாய் மீன்சந்த" என்றால் உருவகம். கரையில் காயப்போட்ட துணியை அலை வந்து நனைத்தபோது, "இந்தக் கடலுக்கு நம்மட சீலையில ஒரு கண்" என்றாரே, அது தற்குறிப்பேற்றம். எழுத்தே தெரியாத உம்மாவிடம் இத்தனையும் இருப்பதை வாத்தியாரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருடந்தான் நான் வயதுக்கு வந்து "குமர்" ஆனேன். வாப்பாவின் மூத்த சகோதரியான மாமி, செய்தி கேட்டவுடன் வந்து, "குமருக்கு இனி என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? எட்டோட நிப்பாட்டு தம்பி" என்றார். வாப்பா தறியை நிறுத்தி, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். "வகுப்புல முதலா வந்தாப் போகட்டும் தாத்தா. இல்லாட்டி நிக்கட்டும்" என்று அக்காவுக்குத் தீர்ப்புச் சொன்னார்; எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆண்டிறுதிச் சோதனையில், வஞ்சப்புகழ்ச்சி அணியை விளக்கி உதாரணம் தரும்படி ஒரு கேள்வி. புகழ்வதுபோலப் பழிப்பதும், பழிப்பதுபோலப் புகழ்வதும் என்று விளக்கத்தை எழுதிவிட்டேன். நூறுமுறை மனப்பாடம் செய்த உதாரணச் செய்யுள் மட்டும், முதற்சொல்லைத் தவிர, முழுதாக மறந்துபோயிற்று. பேனையைக் கடித்தேன், அழுகை வந்தது, நேரமும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், "என் உம்மா என்னைப் பார்த்துத் தினமும் கூறுவது" என்று தொடங்கி, பனங்கொட்டையையும் மீனையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சோதனை மறுமொழி வரும்வரை நான் சரியாக உறங்கவில்லை. வீட்டுக்குள் பேசும் ஏச்சைத் தாளில் எழுதி உம்மாவைச் சந்தியில் நிறுத்திவிட்டேனோ, வெறும் இடம் விட்டிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்குமோ என்று மாறி மாறி நினைத்தேன்.

வாத்தியார் என் விடையை வகுப்பில் உரத்து வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சிரிக்காதீங்க. நீங்கெல்லாம் புத்தகத்த எழுதியிருக்கீங்க, இவதான் அணிய எழுதியிருக்கா" என்றார் அவர். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பத்து மார்க்கால்தான் நான் முதலாவதாக வந்தேன்.

ஓடிவந்து சொன்னபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மாவின் திருவலை நின்றது. "என்ட ஏச்சயா எழுதின? அல்லாஹ்வே, அந்த மனிசன் என்ன நினைச்சிருப்பார்!" என்று தலையில் கைவைத்தவர், கையை எடுக்காமலே, "எத்தின குடுத்தார்?" என்று கேட்டார்.

"பத்துக்குப் பத்து உம்மா."

தேங்காய்ப் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பத்தும் ஒனக்கா, எனக்கா?"

பின்னேரம் மாமி வந்தார். "முதலா வந்தாள்தான், ஓம். அதுக்காகக் குமர ரோட்டுல விடுறதா?" என்றார். உம்மா வெற்றிலைத் தட்டை அவர் முன் பணிவாக நகர்த்தினார். "நீங்க சொல்றது சரிதான் மதினி. என்ன இருந்தாலும் ஒங்கட மகன்ட பொறும இவளுக்கு வராது. ஏழாம் வகுப்புல மூணு வருசமா இருக்கான், ஒருநாளாவது அலுத்திருப்பானா?"

மாமி முதலில் பெருமையோடு தலையாட்டினார். பிறகு அவர் வாயில் வெற்றிலை அசையாமல் நின்றது. தறிக்குள் குனிந்திருந்த வாப்பாவின் தோள்கள் குலுங்கின. கதவுக்குப் பின்னால் நின்ற நான், "புகழ்வதுபோலப் பழிப்பது" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். புதுப் பள்ளித் தவணை தொடங்கிய முதல்நாள், வாப்பா நெய்த புதுச் சீலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு வாங்கில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

அது நடந்து பதினைந்து வருடமாயிற்று; இப்போது அந்த அணிகளை நானே படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தின் ஓலைக்கொட்டில் போய்க் கல்வீடு வந்துவிட்டது; அந்த விடைத்தாளும் எங்கோ கறையானுக்குப் போயிற்று. என் மகளுக்கு எட்டு மாதம். பிள்ளையைப் புகழ்ந்து வளர்க்க வேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் சொல்கின்றன. என் அடுப்பில் மிளகாய் கருகுவதில்லை. ஆனாலும் நேற்று அடுத்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன வடிவு புள்ள!" என்றபோது பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டேன். படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று நினைத்து முடிப்பதற்குள், "வடிவா? இந்தப் பனங்கொட்டத் தலச்சியா?" என்று என் வாய் சொல்லிவிட்டது. மகள் கெக்கலித்துச் சிரித்தாள்.

மூலையில் இறால் உரித்துக்கொண்டிருந்த உம்மா தலையை நிமிர்த்தவேயில்லை.

"மீன உட்டுட்டாய். பத்துக்கு ஏழுதான் போடலாம்" என்றார்.